ஆரஞ்சு லைட்டு 47 நாளா எரிஞ்சிருக்கு, ஒருத்தருக்கும் தெரியல... சர்வர் ஹெல்த் பாக்க என்ன வழி?

அஞ்சுரோடு_அட்மின்

எல்லாருக்கும் வணக்கங்க. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. சேலத்துல ஒரு கம்பெனில ஐடி பாக்குறேன். ஐடின்னா டிபார்ட்மென்ட்டெல்லாம் கெடையாது, நான் ஒருத்தன்தான், டோனர் மாத்துறதுல இருந்து கேமரா வரைக்கும். முதலாளிக்கு மூணு இடம். சூரமங்கலம் பக்கம் ஹெட் ஆபீஸ், அங்க ரேக்குல ரெண்டு சர்வர், ஒண்ணு டெல் பவர்எட்ஜ், ஒண்ணு ஹெச்பி ப்ரோலையன்ட். ஆத்தூர் ரோட்டுல சேகோ பேக்டரி, அங்க ஒரு டவர் சர்வர், வே பிரிட்ஜ் சாப்ட்வேரும் டேலியும் அதுலதான் ஓடுது. அப்புறம் ஏற்காட்டுல காபி எஸ்டேட் ஆபீஸ், அங்க சூப்பர்மைக்ரோ போர்டு போட்ட அசெம்பிள் பாக்ஸ் ஒண்ணு.

போன மாசம் பேக்டரி சர்வர் படுத்துருச்சு. நாலு டிஸ்க் ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் ஓடும், ரெண்டு போனா படுத்துரும். காலைல 7 மணிக்கு போன் வருது, கெழங்கு வண்டி வரிசைல நிக்குது, எடை போட முடியலன்னு. பைக்க எடுத்துட்டு ஓடுனா, ஒரு டிஸ்க் செத்து ரொம்ப நாளாச்சு, அன்னிக்கு ரெண்டாவதும் போயிருக்கு. ரெய்டு கார்டு (டிஸ்க்கெல்லாம் சேத்து நடத்துற கார்டு) லாக்க தோண்டி பாத்தேன், மொத டிஸ்க் பெயில் ஆகி 47 நாள்! 47 நாளா முன்னாடி ஆரஞ்சு லைட்டு எரிஞ்சிருக்கு. மாவு தூசி போகக்கூடாதுன்னு கூட்டுற அக்கா நல்ல மனசோட ஒரு ஈரிழை துண்ட மடிச்சு முன்னாடி தொங்க விட்டிருக்காங்க, லைட்டு துண்டுக்கு பின்னாடி.

இதுல இன்னொரு கூத்து கேளுங்க. ரெய்டு கார்டு அலாரம் கீ கீன்னு கத்தியிருக்கு. ஆபீஸ்ல இருந்தவங்க அது யூபிஎஸ்தான்னு முடிவு பண்ணி யூபிஎஸ் காரர வர சொல்லி, அவரும் வந்து ரெண்டு பேட்டரிய மாத்திட்டு பில்ல குடுத்து காச வாங்கிட்டு போயிட்டாரு. அதுக்கப்புறமும் கத்துதுன்னு யாரோ ரீபூட் பண்ணப்போ ஸ்கிரீன்ல என்னமோ கேட்டுச்சாம், எண்டர் அடிச்சாங்களாம், சத்தம் நின்னு போச்சாம். எனக்கு ஒரு போன் இல்ல.

பேக்கப் நாலு நாள் பழசு. நானும் கணக்கு பாக்குற தம்பியும் ரெண்டு ராத்திரி உக்காந்து எடை சீட்டெல்லாம் பாத்து வண்டி நம்பர், எடை, மாவுச்சத்து பாயின்ட்னு ஒவ்வொண்ணா திரும்ப ஏத்துனோம். முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "லைட்டு எரிஞ்சுதாமே, பாக்கலியா?"ன்னு. பதில் இல்ல எங்கிட்ட.

இப்ப என்ன கேக்குறேன்னா: நான் அந்தந்த எடத்துக்கு வாரத்துக்கு ஒரு தடவதான் போறேன். டிஸ்க், பேன், பவர் சப்ளை, சூடு இதெல்லாம் எங்க இருந்தாலும் போனுக்கு வர்ற மாதிரி என்ன போடலாம்? ஒரு வெண்டர் வருஷா வருஷம் காசு கட்டுற சாப்ட்வேர் ஒண்ணுக்கு கொட்டேஷன் குடுத்திருக்காரு, அந்த காசுக்கு இன்னொரு சர்வரே வாங்கிடலாம் போல. மூணு நாலு மேக் கலந்து கெடக்கு. ஏற்காட்டுல மழை வந்தா நெட்டு போயிடும். இதுக்கெல்லாம் ஒத்து வர்ற மாதிரி சொல்லுங்க.

ஓமலூர்_லினக்ஸ்

முதல்ல ஒண்ணு கேக்குறேன், டெல்லு பின்னாடி குட்டியா ஸ்பேனர் படம் போட்ட ஒரு நெட்வொர்க் போர்ட் இருக்கும், ஹெச்பில ஐஎல்ஓன்னு எழுதியிருக்கும், அதுல கேபிள் சொருகியிருக்கா? நூத்துக்கு தொண்ணூறு எடத்துல அந்த போர்ட்டுல ரப்பர் மூடி கூட கழட்டாம இருக்கும். காசு குடுத்து வாங்குன பாதி பொருள அங்கயே விட்டு வச்சிருக்கோம்.

அந்த போர்ட்டுக்கு உள்ள இருக்குறது பிஎம்சி. போர்டுலயே ஒட்டிக்கிட்டு இருக்குற தனி குட்டி கம்ப்யூட்டர். அதுக்குன்னு தனி சிப்பு, தனி மெமரி, தனி ஐபி. விண்டோஸ் தொங்குனாலும் சரி, சர்வர ஆப் பண்ணி வச்சிருந்தாலும் சரி, வயர்ல கரண்ட் இருந்தா அது முழிச்சிருக்கும். பேன் எவ்ளோ சுத்துது, உள்ள வர்ற காத்து எத்தன டிகிரி, எந்த பவர் சப்ளைக்கு கரண்ட் வரல, எந்த மெமரி ஸ்லாட்டுல எரர் வருது எல்லாம் அது பாத்துக்கிட்டே இருக்கும், லாக்குலயும் எழுதி வைக்கும். டெல்லுல ஐடிராக், ஹெச்பில ஐஎல்ஓ, லெனோவால எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர், சூப்பர்மைக்ரோல சும்மா ஐபிஎம்ஐன்னு சொல்லுவாங்க. பேர்தான் வேற. ஐபிஎம்ஐங்குறது 1998ல இன்டெல், டெல், ஹெச்பி, என்இசி சேந்து கொண்டு வந்த பொது பாஷை, அதுக்கு பதிலா இப்ப 2015ல டிஎம்டிஎப்ங்குற ஸ்டாண்டர்ட் அமைப்பு கொண்டு வந்த ரெட்ஃபிஷ் எல்லா புது சர்வர்லயும் வருது. உங்களுக்கு மூணு மேக் கலந்திருக்குறது பெரிய பிரச்சனையே இல்ல, அதுக்காகத்தான் இந்த பொது பாஷையே.

அலர்ட்டுக்கு வருவோம். ஐடிராக்ல இருந்து நேரா மெயில் அனுப்பலாம், உள்ள போய் அலர்ட்ஸ்ல டிக் போட்டு எஸ்எம்டிபி (மெயில் அனுப்புற சர்வர்) விவரம் குடுத்தா போதும். ஐஎல்ஓவுல மெயில் வேணும்னா அட்வான்ஸ்டு லைசென்ஸ் கேக்கும், எஸ்என்எம்பி (நெட்வொர்க் வழியா பாக்ஸோட நெலமைய கேட்டு வாங்குற முறை) சும்மாவே கெடைக்கும். சூப்பர்மைக்ரோ பாக்ஸ்ல சூடு, பேன், வோல்டேஜ் தெரியும், ஆனா டிஸ்க் நெலம பிஎம்சிக்கு தெரியும்னு நம்பாதீங்க, நெறைய பாக்ஸ்ல தெரியாது. அங்க ஓஎஸ் உள்ள இருந்துதான் பாக்கணும், ரெய்டு கார்டுன்னா ஸ்டோர்சிஎல்ஐ கமாண்டு, நேரா போர்டுல மாட்டுன டிஸ்க்குன்னா ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டு.

எல்லாத்தையும் ஒரே எடத்துல பாக்க ஜாபிக்ஸ்னு ஒரு மானிட்டரிங் சாப்ட்வேர் போடுங்க. ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸ் காசு கெடையாது. மூலைல கெடக்குற பழைய ஐ5 பிசி, 8 ஜிபி ராம், உங்க நாலு பாக்ஸுக்கு அது தாராளம். ஐடிராக்குக்கும் ஐஎல்ஓவுக்கும் சூப்பர்மைக்ரோவுக்கும் ரெடிமேட் டெம்ப்ளேட் அதுலயே இருக்கு, ஐபிய குடுத்து டெம்ப்ளேட்ட மாட்டுனா பேன், டிஸ்க்னு அதுவே தேடி எடுத்துக்கும். டெலிகிராம்ல மெசேஜ் அனுப்புற ஏற்பாடும் உள்ளயே இருக்கு. பேக்டரிலயும் எஸ்டேட்லயும் ஜாபிக்ஸ் ப்ராக்ஸின்னு ஒண்ணு குட்டியா போட்டு விடுங்க, நெட்டு போனா கூட அது அங்கயே சேத்து வச்சு, வந்தப்புறம் ஹெட் ஆபீசுக்கு தள்ளி விடும். சும்மா இன்ஸ்டால் பண்ணா ஒரு மணி நேரத்து டேட்டாதான் சேத்து வைக்கும், கான்பிக் பைல்ல ஆப்லைன் பபர்னு இருக்குறத 24க்கோ 48க்கோ ஏத்திக்கோங்க. ஏற்காட்டு மழைக்கு ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு?

ஒண்ணு மட்டும் கெஞ்சி கேக்குறேன். வீட்ல இருந்து பாக்கலாம்னு ரவுட்டர்ல போர்ட் பார்வேர்டு பண்ணி பிஎம்சிய வெளிய காட்டிடாதீங்க. பழைய ஐடிராக்ல ரூட், கால்வின்னு ஊருக்கே தெரிஞ்ச பாஸ்வேர்டு. அத மாத்தினாலும் ஐபிஎம்ஐ 2.0வோட டிசைன்லயே ஒரு ஓட்ட, யூசர் பேர் தெரிஞ்சு கேட்டாலே பாஸ்வேர்டோட ஹேஷ (உடைச்சு பாஸ்வேர்ட கண்டுபிடிக்கக்கூடிய உருமாத்துன வடிவம்) எடுத்து குடுத்துடும், 2013ல வெளிய வந்த சமாச்சாரம், இன்னிக்கும் ஐபிஎம்ஐ ஓவர் லேன் ஆன்ல இருந்தா அதே கததான். வெளிய இருந்து பாக்கணும்னா விபிஎன் போட்டு உள்ள வாங்க. இன்னொன்னு, சூப்பர்மைக்ரோல தனி போர்ட்டுல கேபிள் இல்லன்னா பிஎம்சி தானா மொத லேன் போர்ட் வழியா வந்து உக்காந்துக்கும். எஸ்டேட் பாக்ஸ்ல உங்களுக்கே தெரியாம இப்ப அது ஆபீஸ் நெட்வொர்க்குல இருக்கலாம், பாருங்க.

குகை_கேபிள்

யூபிஎஸ் காரர் வந்து பேட்டரி மாத்துன எடத்துல சிரிச்சு பொரையேறிடுச்சு அண்ணா, தட்டுவடை செட் சாப்டுட்டே படிச்சேன், மன்னிச்சுக்கோங்க 😂

மேகமூட்டம்

நான் ஏற்காட்டுலதாங்க இருக்கேன், ஒரு ரிசார்ட்டுக்கு நெட்வொர்க், சர்வர் எல்லாம் பாக்குறேன். ஓமலூர்காரர் சொன்னது சரி, மலை சம்பந்தமா கொஞ்சம் சேத்துக்கறேன்.

இங்க குளிரா இருக்கே, ஏசி எதுக்குன்னு எல்லாரும் ஜன்னல தொறந்து வச்சிடுவாங்க. நானும் அப்டித்தான் இருந்தேன். நவம்பர்ல மேகம் நேரா ரூமுக்குள்ளயே வரும், காலைல ரேக்கு கதவ தொட்டா கை ஈரமாகும். ஒரு பேன் பெயில் ஆகி கழட்டுனா கனெக்டர் பின்னுல பச்சையா பூத்திருந்துச்சு, செம்பு பாத்திரம் கழுவாம வச்சா வருமே அந்த பச்ச. இப்ப ஜன்னல அடச்சுட்டு, சின்னதா டிஹ்யூமிடிபையர் ஒண்ணு ஓடுது. அதனால எங்க ஜாபிக்ஸ்ல சூடு ஏறுனா மட்டும் இல்ல, ரொம்ப எறங்குனாலும் மெசேஜ் வரும். இன்லெட் (பாக்ஸுக்குள்ள போற காத்தோட சூடு) 14 டிகிரிக்கு கீழ போச்சுன்னா யாரோ ஜன்னல தொறந்துட்டாங்கன்னு அர்த்தம், 10 தடவைக்கு 9 தடவ சரியா இருக்கும்.

அடுத்தது உயரம். நம்ம ஊரு 1500 மீட்டர் வாக்குல இருக்கு. காத்து மெலிசு, அதே பேன் அதே ஸ்பீடுல சுத்துனாலும் சூட்ட கம்மியாதான் வெளிய தள்ளும். அதனால சர்வர் ஸ்பெக்ல 35 டிகிரி வரைக்கும் ஓகேன்னு போட்டிருக்கும், கீழயே பொடி எழுத்துல சுமார் 900 மீட்டருக்கு மேல ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 1 டிகிரி கொறச்சுக்கன்னும் இருக்கும். கணக்கு போட்டா நமக்கு 2 டிகிரி போச்சு. பெரிய விஷயம் இல்லதான், ஆனா அலர்ட் நம்பர வைக்கும்போது சேலத்து பாக்ஸ்ல வச்சதையே காப்பி அடிக்க வேணாம்.

நான் பட்ட ஒரு அடியும் சொல்லிடறேன். ஜாபிக்ஸ் போட்டு ஆறு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் மூணு வாரம் ஒரு மெசேஜும் இல்ல. ஆஹா, எல்லாம் நல்லா இருக்கு போலன்னு நிம்மதியா இருந்தேன். ஒரு நாள் இடி விழுந்து ஸ்விட்ச் போச்சு, மெசேஜ் வரலியேன்னு பாத்தா, ஜாபிக்ஸ் ஓடுற பிசிதான் மூணு வாரமா டிஸ்க் புல் ஆகி நின்னு கெடக்கு! அதுல இருந்து தெனம் காலைல 9 மணிக்கு அதுவே ஒரு மெசேஜ் போடும், "4 பாக்ஸ் பாத்தாச்சு, கோளாறு 0" அப்டின்னு. அது வரலன்னாதான் எனக்கு பயம். எங்க வீட்டம்மா கூட கேப்பாங்க, இன்னிக்கு உங்க சர்வர் குட் மார்னிங் சொல்லிருச்சான்னு.

எஸ்என்எம்பி ட்ராப்ப, அதாவது கோளாறு வந்தா பாக்ஸ் தானா அனுப்புற தகவல, மட்டும் நம்பாதீங்க. அது யூடிபி, கல்ல தூக்கி போட்ட மாதிரி, போய் விழுந்துச்சான்னு திரும்பி பாக்காது. ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆகுற நேரத்துல வந்த ட்ராப் காத்தோட போச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ நாமளே போய் கேட்டுட்டு வர்ற மாதிரி வையுங்க.

பழைய_பேட்டரி

20 வருஷமா இதே வேல. எல்லாரும் என்ன போடணும்னு சொல்லிட்டாங்க. நான் என்ன போடக்கூடாதுன்னு சொல்றேன்.

டெம்ப்ளேட்ட மாட்டுன ஒடனே நாளைக்கு 300 மெசேஜ் வரும். சிபியு 80 பர்சென்ட், லிங்க் டவுன், லிங்க் அப், எவனோ லாகின் பண்ணான். ரெண்டாவது நாள் குரூப்ப மியூட் போடுவீங்க. மூணாவது வாரம் டிஸ்க் போகும். திரும்ப 47 நாள்.

போனுக்கு வர்றது இவ்ளோதான் இருக்கணும்: டிஸ்க் பெயில், டிஸ்க் ப்ரெடிக்டிவ் பெயில் (சீக்கிரம் போகப்போகுதுன்னு), ரெய்டு டிகிரேடட் (டிஸ்க் கொறஞ்சு ஓடுது), ரெய்டு கார்டு பேட்டரி, பவர் சப்ளை, பேன், இன்லெட் சூடு, ஒரே மெமரி ஸ்லாட்டுல திரும்ப திரும்ப ஈசிசி (மெமரி பிழை) எரர். மத்ததெல்லாம் ஸ்கிரீன்ல இருக்கட்டும், வேணும்னா போய் பாத்துக்கலாம்.

ரெய்டு பேட்டரிய யாரும் மதிக்கறதில்ல. ஒரு எடத்துல டேலி திடீர்னு ஊருது, பில்லு போட்டா எண்டர் தட்டிட்டு டீ குடிச்சுட்டு வரலாம். நெட்வொர்க் கேபிள் மாத்துனாங்க, ஸ்விட்ச் மாத்துனாங்க, டேலிகாரர திட்டுனாங்க. கடைசில பாத்தா கார்டு பேட்டரி உப்பிப்போச்சு. பேட்டரி இல்லன்னா கார்டு ரைட் பேக்க (கார்டு மெமரில வாங்கிட்டு அப்புறமா டிஸ்க்குல எழுதுறது) விட்டுட்டு ரைட் த்ரூவுக்கு (டிஸ்க்குல எழுதுன பிறகுதான் முடிஞ்சுதுன்னு சொல்றது) தானா மாறிக்கும், கரண்ட் போனா டேட்டா போயிடக்கூடாதுன்னு. அதோட வேலைய அது ஒழுங்கா செஞ்சிருக்கு. லாக்குல எழுதியும் வச்சிருக்கு. படிக்கத்தான் ஆள் இல்ல.

ஸ்மார்ட்ல (டிஸ்க்கே தன்னோட நெலமைய எழுதி வைக்கிற கணக்கு) 5, 197, 198, இந்த மூணு நம்பர மட்டும் பாருங்க, மூணும் டிஸ்க்குல கெட்டுப்போன, கெடப்போற எடங்களோட எண்ணிக்கை. 197 பூஜ்ஜியமாவே இருக்கணும். ஏற ஆரம்பிச்சா டிஸ்க்க மாத்திடுங்க, நாளைக்கு பாக்கலாம்னு நெனைக்காதீங்க.

சேலத்துக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. ஏப்ரல், மே மாசத்துல வெளிய 40 டிகிரி. சர்வர் ரூமுக்கு ஆஷ்ரேங்குற ஏசி இன்ஜினியர்கள் அமைப்பு சொல்றது 18ல இருந்து 27. சனிக்கிழம சாயங்காலம் கரண்ட் போகும், வரும். சர்வர் யூபிஎஸ்ல நிக்கும். சாதா ஸ்ப்ளிட் ஏசி நெறைய மாடல்ல கரண்ட் வந்தாலும் தானா ஆன் ஆகாது, ரிமோட்ட அழுத்த ஆள் வேணும். ஞாயித்துக்கிழம ஆபீஸ்ல யாரு? திங்கக்கிழம கதவ தொறந்தா தோசக்கல்லு. அதனால பாக்ஸ்ல கம்பெனிக்காரன் வச்சிருக்குற லிமிட்ட நம்பாதீங்க, அது ரொம்ப மேல இருக்கும். 30க்கு ஒரு மெசேஜ், 34க்கு போன் அடிக்கற மாதிரி வைங்க. ஏசி வாங்கும்போது ஆட்டோ ரீஸ்டார்ட் இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

பெரிய டிஸ்க்குல ரெய்டு 5 வேணாம். மொத டிஸ்க்க மாத்தி ரீபில்ட் ஓடுறப்போதான் மிச்ச டிஸ்க்க மொத்தமா படிக்கும், வருஷக்கணக்கா தொடாத எடமெல்லாம் அப்பதான் தொடும், ரெண்டாவது பல்ல காட்டும். ரெய்டு 6 இல்லன்னா ரெய்டு 10 போடுங்க. பேட்ரோல் ரீட் (சும்மா இருக்குற நேரத்துல கார்டே டிஸ்க்க படிச்சு சோதிக்கிறது) ஆன்ல இருக்கான்னு பாருங்க.

ஓமலூர்_லினக்ஸ்

பெரியவர் சொன்னதோட ஒண்ணு. மெசேஜ் வர்றதுக்கு முன்னாடியே போற கேஸும் உண்டு. 2019 நவம்பர்ல ஹெச்பிஇ அவங்களே ஒரு நோட்டீஸ் விட்டாங்க, சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி மாடல்ல பழைய பர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளயே இருக்குற சாப்ட்வேர்) இருந்தா 32,768 மணி நேரம் ஓடுனதும் டிஸ்க் நின்னுடும், டேட்டாவும் வராதுன்னு. கணக்குக்கு 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாள்ல மாட்டுன டிஸ்க்கெல்லாம் ஒரே நாள்ல போகும், அப்ப ரெய்டு என்ன பண்ணும்? ஸ்மார்ட்ல வார்னிங்கும் வராது. பர்ம்வேர் ஏத்துனா முடிஞ்சுது. அதனால மேனேஜ்மென்ட் சாப்ட்வேர்ல ஹெல்த்து மட்டும் பாக்காம, எந்த டிஸ்க்குல என்ன பர்ம்வேர், எத்தன மணி நேரம் ஓடியிருக்குன்னு ஒரு லிஸ்ட்டும் எடுத்து வச்சுக்கோங்க. டெல்லுக்கு ஓப்பன்மேனேஜ் என்டர்பிரைஸ்னு இருக்கு, ஹெல்த் பாக்குற அளவுக்கு காசு இல்லாமலே ஓடும், உங்ககிட்ட இருக்குற ஒரு டெல்லுக்கு அது யானைய கட்டி தீனி போடுற மாதிரி, ஜாபிக்ஸே போதும்.

அஞ்சுரோடு_அட்மின்

அண்ணன்களா, நாலு நாளா இதே வேலையா இருந்துட்டு இப்பதான் எழுதறேன். ஹெட் ஆபீஸ்ல ஸ்பேனர் படம் போட்ட போர்ட்ட தேடுனேன், ரப்பர் மூடியோடதான் இருந்துச்சு, ஓமலூர் அண்ணனுக்கு சர்க்கரை போடணும் வாய்ல.

கேபிள சொருகி ஐடிராக் உள்ள போனா மொத ஸ்கிரீன்லயே செவப்பு எக்ஸ் மார்க். பவர் சப்ளை 2, இன்புட் வரல. சப்ளை செத்துப்போச்சு, இதுக்கு வேற செலவான்னு நெனச்சு ரேக்குக்கு பின்னாடி டார்ச் அடிச்சு பாத்தா வயரே இல்ல. வெறும் ஓட்ட. விசாரிச்சா பில்லிங்ல மானிட்டர் வயர் போயிடுச்சுன்னு யாரோ வந்து இங்க இருந்து கழட்டிட்டு போயிருக்காங்க, ரெண்டும் ஒரே மாதிரி வயர்தானே. "ரெண்டு இருந்துச்சே, ஒண்ணு சும்மாதான இருக்குன்னு எடுத்தோம்"னு சொல்றாங்க. எப்பன்னு லாக்க பாத்தேன், போன பொங்கலுக்கு முன்னாடி. பத்து மாசமா ஒத்த கால்ல நின்னிருக்கு.

ஹெச்பி சர்வர் சுத்தமா இருக்கு. ஜாபிக்ஸ் ஏத்திட்டேன், மொத நாளே 211 மெசேஜ், பெரியவர் சொன்ன லிஸ்ட்ட வச்சு வெட்டி விட்டுட்டேன், இப்ப அமைதி. காலைல 9 மணி மெசேஜும் வருது. முதலாளியையும் அந்த குரூப்ல சேத்துட்டேன், அது தப்பான்னு தெரியல, நேத்து இன்லெட் 31னு வந்ததும் எனக்கு முன்னாடி அவரு போன் பண்ணி "என்னப்பா ஏசி போடலியா"ங்கறாரு.

பேக்டரிக்கு ரெய்டு 6 போட புது டிஸ்க்கு பஸ் பார்சல்ல நாளைக்கு வருது. எஸ்டேட் பாக்ஸ்தான் பாக்கி, ஞாயித்துக்கிழம மேல ஏறலாம்னு இருக்கேன். மேகமூட்டம் அண்ணா, ஊர்ல இருப்பீங்களா? அந்த பச்ச பூத்த கனெக்டர் கதைய கேட்டதுல இருந்து அந்த பாக்ஸ தொறக்கவே பயமா இருக்கு.

மேகமூட்டம்

இருப்பேன் வாங்க. காலைல 8க்குள்ள கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டிடுங்க, அதுக்கப்புறம் டூரிஸ்ட் வண்டி. காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயும் ஒரு பழைய டூத் பிரஷும் எடுத்துட்டு வாங்க, இங்க கெடைக்காது. அப்டியே எக்ஸ்ட்ரா பவர் வயர் ரெண்டு.

குகை_கேபிள்

பில்லிங்காரங்களுக்கும் ஒண்ணு வாங்கி குடுத்துடுங்கண்ணா, இல்லன்னா இன்னொண்ணையும் கழட்டிட்டு போயிடுவாங்க.